நாலு பேர் என்பவர் யார்?

தமிழ்க் குடும்பங்களில் கண்ணுக்குத் தெரியாத நீதிமன்றம் ஒன்று உண்டு. அதன் நீதிபதிகள் நால்வர். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்ற கேள்வி எழுந்த மாத்திரத்தில் மகளின் மேற்படிப்பு, மகனின் காதல், திருமணச் செலவு, இழவு வீட்டுச் சடங்கு என எல்லா வழக்குகளும் ஒரே அமர்வில் முடிந்துவிடுகின்றன. மேல்முறையீடு கிடையாது. அந்த நால்வரை நேரில் கண்டவரும் கிடையாது.

தனிமனிதன் நடந்துகொள்ளும் முறையைப் பிறரும் குழுக்களும் எவ்வாறு தீர்மானிக்கின்றனர் என்று கற்றோர் எழுதப் புகும்போது இந்த நால்வரைப் பற்றி எழுதுவதில்லை. தெருவில் திரளும் மக்களைப் பற்றியே எழுதுகிறார்கள். எழுதும்போது அவர்கள் கைக்கொள்ளும் சொல் 'மந்தை'. கூட்டத்திற்கு மூளை இல்லை. கூட்டத்தில் கலந்தவன் சிந்திப்பதை நிறுத்திவிடுகிறான். கல்வி பெருகினால் மந்தைத்தனம் குறையும். இம்மூன்று வாக்கியங்களை அடுக்கினால் ஒரு கட்டுரை தேறிவிடுகிறது. இம்மூன்றும் பிழை என்பது நம் வாதம். பிழை என்பதோடு நில்லாமல், எழுதுபவருக்கு வசதியாகவும் இருக்கும் பிழை. தன்னைக் கூட்டத்திற்கு வெளியே நிறுத்திக்கொள்ள அது அவருக்கு ஒரு திண்ணையைக் கட்டித் தருகிறது.

நம் பகுதியிலிருந்தே தொடங்குவோம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள், காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் காட்சி தந்தார். அனந்தசரசுக் குளத்தின் அடியிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிக்கொணரப்படும் அத்திமரத் திருமேனி அது. அதற்கு முந்தைய காட்சி 1979இல். வந்தவர் தொகை ஒரு கோடியைத் தொட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையும் இருப்புப்பாதையும் வாலாஜாபாத் வழியாகவே போகின்றன. ஆகவே, அந்த 48 நாட்களும் அப்பெருங்கூட்டத்தின் ஒரு கிளை இவ்வூரைக் கடந்துதான் சென்றது.

அப்போது படித்தவர் வட்டங்களில் புழங்கிய பேச்சு நினைவிருக்கலாம். 'எல்லோரும் போகிறார்கள் என்பதற்காக எல்லோரும் போகிறார்கள்' என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அயல்வீட்டார் போய்வந்த செய்தி கேட்டுப் புறப்பட்டோர் ஏராளம். ஆனால் அங்கிருந்து 'மூளையற்ற மந்தை' என்ற முடிவுக்குத் தாவியதுதான் தவறு. பல மணி நேரம் வரிசையில் நின்றவர்கள் அறிமுகமற்றோரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்கள், தண்ணீரைப் பகிர்ந்துகொண்டார்கள், முதியவருக்கு வழிவிட்டார்கள். தனியே பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் இடித்துக்கொண்டு ஏறும் அதே மனிதர், திருவிழாக் கூட்டத்தில் ஏன் இடம்விடுகிறார்? அந்த ஜூலையில் நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்ததை மறக்கவில்லை. ஆனால் நெரிசல் மரணம் என்பது பெரும்பாலும் இடத்தின் கொள்ளளவு, வழிகளின் அகலம், பின்னால் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாமை ஆகியவற்றால் விளைவது. அதைக் கூட்டத்தின் அறிவீனத்தில் ஏற்றிச் சொல்வது, பொறுப்பேற்க வேண்டியவர்களை விடுவித்து அனுப்புவதாகும்.

கூட்டத்திற்கு அறிவில்லை என்னும் கருத்திற்கு ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ போன் 1895இல் கூட்ட உளவியல் குறித்து எழுதிய நூலே அதன் மூலம். 1871இன் பாரிஸ் கம்யூன் எழுச்சியும் அதன்பின் வந்த வேலைநிறுத்தங்களும் அங்குள்ள உடைமை வர்க்கத்தை அச்சுறுத்தியிருந்த காலம் அது. அந்த அச்சத்திற்கு அவர் அறிவியல் போர்வை அளித்தார். 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செயின்ட் பால்ஸ் பகுதியில் காவல்துறைச் சோதனை ஒன்றைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதை ஆராய்ந்த ஸ்டீபன் ரெய்ச்சர் 1984இல் வெளியிட்ட முடிவு லெ போனுக்கு நேர் எதிரானது. அக்கூட்டம் கண்மண் தெரியாமல் நடந்துகொள்ளவில்லை. காவலர்களைத் தாக்கியது, வீடுகளைத் தொடவில்லை, தன் பகுதியின் எல்லையைத் தாண்டவுமில்லை. கூட்டத்தில் சேர்ந்தவன் தன்னை இழப்பதில்லை, 'நான்' என்ற இடத்தில் 'நாம்' வந்து அமர்கிறது, அந்த 'நாம்' எதை அனுமதிக்கிறதோ அதைச் செய்கிறான் என்பதே அவர் கண்டது. ஆகவே கேட்க வேண்டியது எத்தனை பேர் கூடினார்கள் என்பதன்று. எந்த 'நாம்' கூடிற்று என்பதே கேள்வி.

அந்த 'நாம்' உருவாவதற்கு எவ்வளவு அற்பமான காரணம் போதும் என்பதை அதே பிரிஸ்டல் நகரில் அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே ஹென்றி டாஜ்ஃபெல் காட்டியிருந்தார். போலந்து யூதரான அவர், போர்க் கைதியாக இருந்து உயிர் தப்பியவர். குடும்பத்தாரை நாஜிகளிடம் இழந்தவர். பள்ளி மாணவர்களிடம் சில ஓவியங்களைக் காட்டி, நீ பால் க்ளேயை விரும்புபவன், நீ காண்டின்ஸ்கியை விரும்புபவன் என இரு அணிகளாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவினை குருட்டாம்போக்கில் செய்யப்பட்டது. தன் அணியில் யார் இருக்கிறார் என்பதுகூட மாணவர்களுக்குத் தெரியாது. ஆயினும் பணம் பகிரச் சொன்னபோது தம் அணிக்கே கூடுதலாகத் தந்தார்கள். அதனினும் வியப்பு: தம் அணிக்கு மொத்தத்தில் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, எதிரணியைவிட அதிகமாக இருந்தால் போதும் என்று பலர் முடிவெடுத்தார்கள். சிற்றிதழ்களின் வரலாறு அறிந்த வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கல்வி இதற்கு மருந்தாகுமா? காஞ்சியின் அதே வரதராசர் கோயில் விடை சொல்லும். வடகலையாரும் தென்கலையாரும் ஓதுவது ஒரே நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். வணங்குவது ஒரே பெருமாளை. தொடக்கத்தில் சொல்ல வேண்டிய ஆசாரிய வணக்கச் சுலோகம் எது, பெருமாளுக்கு முன் நின்று ஓதும் உரிமை எவருடையது என்பவற்றில் எழுந்த வேறுபாடு தலைமுறைகள் பல கடந்தும் நீதிமன்றப் படிகளை விட்டு இறங்கவில்லை. இதில் ஈடுபட்டோர் எழுத்தறியாதவர் அல்லர். வேதமும் பிரபந்தமும் வழக்குச் சட்டமும் கற்றவர்கள். அவர்கள் நம்பிக்கையை எள்ளுவது நம் நோக்கமன்று. ஆசாரிய பக்தி அவர்களுக்கு உயிர். கல்வி குழுவுணர்வைக் கரைக்காது, அதற்கு மேலும் கூரிய வாதங்களைச் செய்து தரும் என்பதற்கே இதைச் சுட்டுகிறோம்.

இனி அந்த நால்வரிடம் திரும்புவோம். காஞ்சிபுரத்திற்கும் வாலாஜாபாத்திற்கும் இடையே முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை போன்ற நெசவூர்கள் இருக்கின்றன. அங்கு நெய்யப்படும் பட்டு இல்லாமல் முகூர்த்தம் இல்லை என்பது தமிழ்நாட்டின் எழுதாச் சட்டம். கடன்பட்டேனும் பட்டெடுக்கும் ஒரு தகப்பனைத் தனியே அழைத்துக் கேட்டால், 'எனக்கு இதில் விருப்பமில்லை, ஊருக்காகத்தான்' என்பார். சம்பந்தியைக் கேட்டாலும் அதே விடை. அண்டைவீட்டாரும் அப்படியே. ஒவ்வொருவரும் மற்ற மூவருக்காகச் செய்கிறார்கள். அந்த மூவரும் இவருக்காகச் செய்கிறார்கள். 1930களின் தொடக்கத்திலேயே ஃபிளாய்ட் ஆல்போர்ட்டும் அவர் மாணவர் டேனியல் கட்ஸும் இந்நிலைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் அதைக் கூட்டு அறியாமை எனலாம். மனத்துக்குள் எவரும் ஏற்காத ஒன்றை, பிறர் ஏற்கிறார்கள் என்று எண்ணி எல்லோரும் சேர்ந்து காப்பாற்றுவது.

பட்டுப்புடைவையோடு இது முடிந்துபோனால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். அதே பட்டுத் தறிகளில் ஒரு காலத்தில் குழந்தைகள் அமர்ந்திருந்தார்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பள்ளிக்குப் போகாமல் தறிக்குப் போனார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை காஞ்சிபுரத்தின் அந்நிலையை உலகுக்குச் சொன்னது. தறி வீதிகளில் அது எவருக்கும் புதுச்செய்தி அன்று. எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே எவரும் சொல்லவில்லை. குழுவின் செல்வாக்கு மிக வலுவாக இயங்குவது இவ்விடத்தில்தான். கல்லெறியும் கையைக் காட்டிலும், அறிந்தும் மூடியிருக்கும் வாயில் அது உறுதியாகக் குடியிருக்கிறது.

இக்கூற்றுக்குத் தமிழ் இலக்கிய உலகம் தன் செலவிலேயே ஒரு சான்று வைத்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010 டிசம்பரில் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அது அமைதியாக வாசிக்கப்பட்டது. 2013இல் ஆங்கிலத்திலும் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பிற்று. நாவலின் சில பக்கங்கள் மட்டும் படியெடுத்து விநியோகிக்கப்பட்டன. நூல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் வருவாய் அலுவலர் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' கூட்டப்பட்டது. நிபந்தனையற்ற வருத்தத்தில் கையொப்பமிட்டுத் திரும்பிய எழுத்தாளர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான், இனி ஆசிரியன் முருகன் மட்டுமே வாழ்வான் என்று முகநூலில் அறிவித்தார்.

இந்நிகழ்வை நினைவுகூரும் கட்டுரைகள் யாவும் வீதியில் நின்ற கூட்டத்தையே பேசுகின்றன. படிக்காமலே எரித்தார்கள் என்று அங்கலாய்க்கின்றன. மெய்தான். ஆனால் படிக்காதவர் எரித்ததில் புதிர் ஒன்றுமில்லை. சாதியும் ஊர்ப்பற்றும் ஒரு 'நாம்' அமைத்துக் கொடுத்தன, அந்த 'நாம்' எரிக்கச் சொன்னது. புதிர் வேறிடத்தில் இருக்கிறது. அந்நாவலைப் படித்தவர்கள் அவ்வட்டாரத்திலேயே இருந்தார்கள். நான்கு ஆண்டுகளாக அதில் எவருக்கும் இழுக்கைக் காணாத ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், நூலகம் செல்வோர் இருந்தார்கள். வெளியூர்களிலிருந்து எழுந்த ஆதரவுக்குரல்களுக்குக் குறைவில்லை. எரியும் ஊரின் உள்ளிருந்து, 'நான் இதைப் படித்தேன், நீங்கள் சொல்வது அதில் இல்லை' என்று எழ வேண்டிய குரல்தான் போதுமான அளவு எழவில்லை. கடையடைப்பன்று கதவை இறக்கிய ஒவ்வொரு கடைக்காரரும் நாவலை வெறுத்தா இறக்கினார்? பக்கத்துக் கடை இறங்கியது; இவரும் இறக்கினார். வீதியில் நின்றவன் அந்தக் கதவுகளைப் பார்த்து, ஊர் முழுதும் தன் பக்கம் என்று நம்பினான்.

இவ்விடத்தில் சாலமன் ஆஷின் சோதனை நினைவுக்கு வராமல் போகாது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் அவர் சில கோடுகளைக் காட்டி, நீளத்தில் எது எதற்குச் சமம் என்று கேட்டார். குழந்தையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் அறையிலிருந்த மற்றவர்கள், முன்னேற்பாட்டின்படி, ஒருமித்துத் தவறான விடை சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட தடவைகளில் சோதனைக்கு வந்தவரும் அதே தவற்றைச் சொன்னார். ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையேனும் பணிந்தார்கள். மேற்கோள் காட்டுவோர் வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுவார்கள், 'பார், மனிதன் மந்தை' என்று.

எஞ்சிய பாதியில்தான் பொருள் இருக்கிறது. நான்கில் ஒருவர் கடைசிவரை பணியவே இல்லை. விடையை வாய்விட்டுச் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோது பணிவு வெகுவாகக் குறைந்தது. அதாவது பலரின் கண் மாறவில்லை, வாய்தான் மாறியிருந்தது. எல்லாவற்றினும் முக்கியமானது இது: அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது பணிவு நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த ஒருவர் வேறொரு தவறான விடையைச் சொன்னபோதுகூட மற்றவரின் நாக்கு ஓரளவு கட்டவிழ்ந்தது. பெரும்பான்மையின் வலிமை அதன் எண்ணிக்கையில் இருப்பதைவிட அதன் ஒருமையில் இருக்கிறது. ஒரு விரிசல் போதும், சுவர் நிற்பதில்லை.

குழுவின் செல்வாக்கைப் பற்றிய பாடமே அச்செல்வாக்கினால் கெட்ட கதையும் உண்டு. 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையுண்டபோது, 38 பேர் பார்த்திருந்தும் எவரும் உதவவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்த எண் உளவியல் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக அச்சேறியது. சான்றுகளைத் திரும்பப் பார்த்த ஆய்வாளர்கள் 2007இல் அக்கதையை உடைத்தார்கள். 2016இல் அந்நாளிதழே தன் செய்தி குறையுடையது என ஒப்புக்கொண்டது. 'கூட்டத்தில் எவரும் சரிபார்ப்பதில்லை' என்று கற்பித்த பேராசிரியர்களுள் பெரும்பாலோர் அக்கதையைச் சரிபார்க்கவில்லை. மற்றப் பேராசிரியர்கள் எழுதியிருந்தார்கள், அதுவே போதுமானதாயிருந்தது.

நம் பக்கம் மட்டும் வேறா? நூல் வெளியீட்டு மேடையில் ஐவர் ஒரே நாவலைக் 'காவியம்' என்பார்கள். கீழிறங்கியதும் தேநீர்க் கோப்பையோடு மூவர் வேறு சொல்வார்கள். வாய்மொழித் தேர்வில் ஆய்வேட்டின் ஓட்டை தெரிந்தும் 'சிறப்பு' என்று கையொப்பமிடுவார்கள். பாடத்திட்டக் குழுவில் ஒரு கதையை நீக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், காரணம் கேட்காமல் தலையசைப்பார்கள். விருதுப் பட்டியல் வந்ததும் தம் குழு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுக் கருத்துரைப்பார்கள். இங்கே கல்லெறி இல்லை, எரிப்பு இல்லை. ஆயின், ஆஷின் அறையில் நடந்தது வேறெது? மந்தை என்ற சொல்லை வீதிக்கு மட்டும் ஒதுக்கிவைப்பதன் பயன் இதுதான்: கருத்தரங்க அறைக்கு அச்சொல் பொருந்தாமற் போகிறது.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். ஒன்று, ஊரைப் பகைத்துக்கொண்டு ஊரில் வாழ முடியுமா என்பது. நியாயமான கேள்வி. கொன்றைவேந்தனே ஊர்ப்பகை வேரைக் கெடுக்கும் என்ற பொருளில் எச்சரிக்கிறது. வாடகைக்கு வீடு வேண்டும், பிள்ளைக்குப் பெண் வேண்டும், இறந்தால் தூக்க உண்மையிலேயே நாலு பேர் வேண்டும். இந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று பழிப்பவர் பெரும்பாலும் வேறூரில் இருப்பவர். மற்றொன்று, எதிர்ப்பதற்காகவே எதிர்ப்பதும் ஒரு வேடமல்லவா என்பது. அதுவும் சரியே. கலகக்காரர் கூட்டத்திற்கும் அதற்கென ஒரு நாலு பேர் உண்டு.

ஆனால் இவ்விரண்டு மறுப்புகளும் நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. தனியொருவரால் நால்வரை வெல்ல இயலாது என்றால், செய்ய வேண்டியது வேறு நால்வரை உண்டாக்குவது. 1928இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்படி மணந்தோரின் திருமணம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்ன பின்னும் அம்முறை அழியவில்லை. மணமக்கள் தனித்து நிற்கவில்லை. எதிரே அமர்ந்து கைதட்ட ஓர் இயக்கம் இருந்தது. முடிவில், காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாவின் ஆட்சியில், 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அத்திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. பட்டுக்கும் சடங்குக்கும் பேர்போன மண்ணிலிருந்து போனவரே அதைச் செய்தார். பழைய நாலு பேருக்கு எதிராகப் புதிய நாலு பேர் அமர நாற்பதாண்டுகள் பிடித்தன. ஆனால் அமர்ந்தார்கள்.

மாதொருபாகன் வழக்கிலும் அவ்வாறே. உயர்நீதிமன்றத்திற்குச் சென்றவர்களுள் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு, அந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை' முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்க எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை என்றது. எழுத்தாளரை மீண்டும் எழுதப் பணித்தது. அவர் எழுதினார். கோழையின் பாடல்களும் பூனாச்சியும் வந்தன. இறந்தவர் மீண்டதற்குக் காரணம் கூட்டம் கலைந்தது அன்று. மற்றொரு 'நாம்' திரண்டது.

வள்ளுவர் அவையறிதலை ஓர் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை அடுத்த அதிகாரமாகவும் வைத்தார். வரிசை கவனிக்கத்தக்கது. அவையை அறியாமல் பேசுவது வேடம். அறிந்த பின்னும் அஞ்சுவது இழப்பு. அவையஞ்சாமையின் இறுதிக் குறளில், கற்றதை அவையில் சொல்ல அஞ்சுவோர் உயிரோடு இருந்தும் இல்லாதவருக்கு ஒப்பாவர் என்கிறார். 2015 ஜனவரியில் ஒருவர் தம்மை இறந்தவராக அறிவித்தார். வள்ளுவர் கணக்கில் அன்று இறந்திருந்தவர்கள் வேறு பலர்.

பெரிய வீரம் எதையும் நாம் கோரவில்லை. அடுத்த முறை ஆசிரியர் அறையிலோ, தேநீர்க் கடையிலோ, இலக்கியக் கூட்டத்திலோ ஒரு நூலைப் பற்றி எல்லோரும் ஒரே குரலில் பேசத் தொடங்கும்போது, 'நம்மில் யார் இதைப் படித்திருக்கிறோம்?' என்று ஒருவர் உரக்கக் கேட்கட்டும். கேட்பவர் நூலை ஆதரிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பவராகவே இருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பின் அவ்வறையில் ஒரு சிறு மௌனம் விழும். படித்திருந்தும் பேசாமல் இருந்த ஒருவர் வாய் திறப்பதற்கு அவ்வளவு இடம் போதும்.